மடக்குக் கத்தியின் பிடி: உருட்டிய விளிம்பும் சதுர விளிம்பும்

‘பேனாக்கத்தி’ என்னும் சொல்லை நம் மக்கள் பல தலைமுறைகளாக வழங்கி வருகின்றனர். பையில் மடக்கி வைத்துக்கொள்ளும் சிறு கத்திக்கு இப்பெயர் எவ்வாறு வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ‘பேனா’ என்பது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து நமக்கு வந்த சொல். அம்மொழியில் அதற்கு இறகு என்றும், எழுதுகோல் என்றும் இரு பொருள் உண்டு. ஐரோப்பியர் வாத்தின் இறகை மையில் தோய்த்து எழுதிய காலத்தில், அதன் முனையை அடிக்கடி சீவிக் கொள்வதற்கென்று ஒரு சிறு கத்தியை உடன் வைத்திருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் நகரத்து ஆலைகள் எஃகு முட்களைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியதும் இறகு மறைந்தது. கத்தி மறையவில்லை, அதன் பெயரும் மறையவில்லை.

எழுத்தையும் கத்தியையும் ஒரே பிடியில் இணைத்து வைத்தது ஐரோப்பா மட்டுமன்று. பனையோலையில் எழுதிய நம் முன்னோர், குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி என்பனவற்றோடு மடக்கெழுத்தாணி என்ற ஒன்றையும் கையாண்டனர். எழுதும் ஊசியையும், ஓலையை வாருவதற்குரிய கத்தியையும் பிடிக்குள் மடக்கிக் கொள்ளும் அமைப்பு அது. கூர்மையான ஒன்றை உடலருகே பத்திரமாக எடுத்துச் செல்ல வேண்டுமாயின், அதன் பிடியே அதற்கு உறையாகவும் அமையவேண்டும் என்னும் உண்மையை உலகின் பல பகுதிகளில் வாழ்ந்த கைவினைஞர்கள் தாமாகவே கண்டறிந்திருந்தனர்.

அந்தப் பிடியைப் பற்றியதுதான் இக்கட்டுரை. குறிப்பாக, பிடியின் பக்கமும் முதுகும் கூடுகின்ற விளிம்பைப் பற்றியது. பழைய மடக்குக் கத்திகள் சிலவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், இவ்விளிம்பு ஆற்றுக் கூழாங்கல்லைப் போல் வழவழவென்று உருட்டி விடப்பட்டிருக்கும். வேறு சிலவற்றில் கோல் வைத்துக் கோடு கிழித்தாற்போல நேர்கோணமாக நிற்கும். கத்திகளைச் சேகரிப்போரிடையிலும், இன்றும் கையால் கத்தி செய்வோரிடையிலும், இவ்விரண்டில் எது மரபு, எது பிற்காலத்துச் சோம்பல் என்று ஒரு வழக்கு நடந்து வருகிறது. உருட்டிய விளிம்பே பழைய நேர்த்தி என்பர் ஒரு சாரார். சதுர விளிம்பே துல்லியமான வேலைக்கு அடையாளம் என்பர் மற்றொரு சாரார். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இவ்வழக்குக்கு வேறொரு விடை கிடைக்கிறது. விளிம்பின் வடிவம் என்பது, அக்கத்தியின் மீது எவருடைய உழைப்பு எவ்வளவு நேரம் செலவாயிற்று என்பதற்கான சான்று என்பதே அவ்விடை.

மடக்குக் கத்தி மிகத் தொன்மையானது. ஆஸ்திரிய நாட்டின் ஹால்ஷ்டாட் என்னும் இடத்தில் கிடைத்த எலும்புப் பிடியுள்ள மடக்குக் கத்தி, கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கணிக்கப்பட்டுள்ளது. உரோமானியரும் மடக்குக் கத்திகளை விரும்பிச் செய்தனர். முயலைத் துரத்தும் வேட்டைநாயின் உருவத்தை எலும்பிலும் வெண்கலத்திலும் செதுக்கி அவற்றுக்குப் பிடியாக அமைத்தனர். அத்தகைய பிடியில் விளிம்பு உருண்டையா, சதுரமா என்ற வினாவுக்கே இடமில்லை. சிற்பத்தின் வடிவமே பிடியின் வடிவம். விளிம்பைப் பற்றிய வினா எழுவதற்கு முதலில் ஒரு மாறுதல் நிகழவேண்டியிருந்தது. பிடியை ஒரே துண்டில் குடைந்து செய்வதை விடுத்து, தட்டையான பல உறுப்புகளை அடுக்கித் தைக்கும் முறை வளரவேண்டியிருந்தது. அம்முறையில் தலைசிறந்து விளங்கியது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம்.

ஷெஃபீல்டின் கத்திப் புகழ் பழமையானது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஆங்கிலக் கவி சாசர், தம் கதையொன்றில் வரும் மாவரைப்போன் ஒருவன் ஷெஃபீல்டுக் கத்தியைச் செருகியிருந்ததாகப் பாடியுள்ளார். 1624-ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே ‘ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் சங்கம்’ என்னும் அமைப்பு அங்கே நிறுவப்பட்டது. தொழில் பழகுவோர்க்குரிய விதிகளையும், ஒவ்வொரு தொழிலாளியும் தன் அலகின் மீது பொறிக்க வேண்டிய அடையாளக் குறியையும் அச்சங்கமே வகுத்தது. ஊரைச் சுற்றி விரைந்தோடும் சிற்றாறுகள் சாணைச் சக்கரங்களைச் சுழற்றின. சாணைக்கேற்ற மணற்கல் அருகிலேயே கிடைத்தது. அவ்வகையில் இயற்கையும் அத்தொழிலுக்குத் துணை நின்றது.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மடக்குக் கத்தியின் அமைப்பில் ஒரு பெரும் மாற்றம் பரவிற்று. அதற்கு முன்னர் அலகு, பிடியின் இறுக்கத்தினால் மட்டுமே திறந்த நிலையில் நின்றது. இப்போது பிடியின் முதுகில் நீண்ட எஃகு வில் ஒன்றைப் பொருத்தினர். அலகின் அடிப்பகுதியை அவ்வில் அழுத்துவதால், திறந்த அலகு திறந்தபடியும் மூடிய அலகு மூடியபடியும் நிற்கும். கத்தியைத் திறக்கும்போதும் மூடும்போதும் ‘டக்’கென்று ஓர் ஓசை கேட்கிறதன்றோ? அது இவ்வில்லின் குரலே. 1740-களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளி, மூசையில் உருக்கி ஒரே சீராக வார்க்கப்படும் எஃகைக் கண்டறிந்தார். வில்லுக்கும் அலகுக்கும் ஏற்ற எஃகு அதன் பின்னர் ஷெஃபீல்டிலேயே கிடைக்கலாயிற்று.

இனி, அத்தகைய கத்தியின் பிடி எவ்வாறு உருவாகிறது என்பதைக் காண்போம். இரு புறமும் மெல்லிய பித்தளைத் தகடுகள். அவற்றிடையே முதுகில் எஃகு வில். அலகு மடங்கும் தலைப்பில் உலோகக் கட்டு. தகடுகளின் வெளிப்புறத்தில் கொம்பு, எலும்பு, தந்தம், முத்துச்சிப்பி அல்லது மரத்தாலான பத்தைகள். இவற்றையெல்லாம் துளையிட்டுத் தறையாணிகளால் தைத்து இறுக்குவர். தைத்து முடித்த நிலையில் பிடி ஒரு சிறு பெட்டியைப் போலத்தான் இருக்கும். பத்தைகள் தட்டையாக அறுக்கப்பட்டவை, தகடுகள் தட்டையானவை, வில்லும் தட்டையானது. ஆகவே சதுர விளிம்பே இம்முறையின் இயல்பான பிறப்பு வடிவம். உருட்டிய விளிம்பு அதன் மேல் தொழிலாளி சேர்க்கின்ற வேலை.

அவ்வேலை எளிதன்று. கொம்பு மென்மையானது, பித்தளை அதனினும் கடினமானது, எஃகு வில்லோ மிகக் கடினமானது. மூன்றின் மேலும் ஒரே அரம் ஓடும்போது, மென்மையானது விரைவில் தேய்ந்து பள்ளமாகும். கடினமானது மேடாக நிற்கும். மூன்றும் ஒரே வளைவாகக் கூடவேண்டுமாயின், அரத்தைச் செலுத்தும் கை ஒவ்வோர் இழுப்பிலும் அழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அரவேலை முடிந்தபின் மெருகுச் சக்கரத்தில் பிடித்து அரத்தின் தடங்களை நீக்கவேண்டும். சற்றே கவனம் தவறினால் தறையாணியின் தலை தேய்ந்து பிடி தளர்ந்துவிடும். ஆகவே விளிம்பை உருட்டுதல் என்பது, தேர்ந்த தொழிலாளியின் நேரத்தை ஒவ்வொரு கத்தியின் மேலும் தனித்தனியே செலவிடுவதாகும்.

இவ்வளவு பாடு எதற்காக? பயன்படுத்துவோர் நலமே முதற் காரணம். கடினமான மரத்தைச் செதுக்கும்போது உள்ளங்கையின் முழு வலிவும் பிடியின் மேல் இறங்குகிறது. விளிம்பு கூராக நின்றால் அவ்வலிவு ஒரு கோட்டின் வழியே தோலை அழுத்தும். சிறிது நேரத்தில் கை சிவந்து கொப்புளம் காணும். உருட்டிய விளிம்பு அதே அழுத்தத்தை அகன்ற பரப்பில் பரப்பிவிடும். இரண்டாவது காரணம் சட்டைப் பை. கத்தியும் சில்லறைக் காசும் ஒரே பையில் கிடக்க, நாள்தோறும் உராயும் கூர்விளிம்பு துணியை அரித்துவிடும். ஆனால் சதுர விளிம்புக்கும் ஒரு சிறப்பு உண்டு. முழுதும் உருண்டையான பிடி கைக்குள் சுழலக்கூடும். தட்டையான பக்கமும் தெளிவான விளிம்பும் உள்ள பிடியோ, அலகின் வாய் எத்திசையை நோக்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பாராமலே விரல்களுக்கு உணர்த்திவிடும். எனவே இரண்டில் ஒன்று அறிவுடைமை, மற்றது அறியாமை என்று கூறுவதற்கில்லை.

பிடியின் வடிவத்தைப் பயன்பாடு மட்டும் தீர்மானிக்கவில்லை. அதற்கு வாய்த்த மூலப்பொருளும் தீர்மானித்தது. இவ்விடத்தில் நம் நாட்டுக் காடுகளும் ஷெஃபீல்டின் கதையில் இடம்பெறுகின்றன. ஐரோப்பியக் கத்தித் தொழிலாளர் பெரிதும் விரும்பிய மான்கொம்பு, இந்தியக் கடமானின் கொம்பு. நம் தென்பகுதிகளில் மிளா என்று வழங்குவதும் இவ்விலங்கையே. ஆண் கடமான் தன் கொம்பை உதிர்த்துவிடும். மீண்டும் புதிதாக முளைக்கும். உதிர்ந்த கொம்புகளைக் காடுவாழ் மக்கள் பொறுக்கி விற்க, அவை துறைமுகங்களின் வழியே ஷெஃபீல்டுக்கும், ஜெர்மனியின் சோலிங்கன் நகருக்கும் சென்றன. மற்ற மான்களின் கொம்பைக் காட்டிலும் இதன் வெளிப்புறம் கெட்டியானது. உள்ளேயிருக்கும் துளைமிகுந்த சோற்றுப் பகுதி குறைவு.

இக்கொம்பின் அழகு அதன் சொரசொரப்பான புறத்தோட்டில்தான் உள்ளது. அந்தத் தோடு கொம்பைச் சுற்றி வளைந்து செல்வது. கொம்பிலிருந்து அறுத்தெடுத்த பத்தையின் உட்புறம் தட்டையாகவும், வெளிப்புறம் இயல்பாகவே வளைவாகவும் இருக்கும். அதனைச் சதுரமாக்க முயன்றால் புறத்தோடு போய்விடும். உள்ளிருக்கும் வெளிறிய பகுதி தோன்றிவிடும். எனவே மான்கொம்புப் பிடி பெரும்பாலும் உருண்டையாகவே அமைந்தது. விலை குறைந்த கத்திகளுக்கு மாட்டெலும்பை வெட்டி, அதன் மேல் சிறு குழிகளைக் கொத்திச் சாயம் ஏற்றி, மான்கொம்பைப் போலத் தோன்றச் செய்தனர். அப்போலிக்கும் மான்கொம்பின் உருண்டை வடிவத்தையே கொடுத்தனர். மூலப்பொருள் மாறிய பின்னும், அது கற்பித்த வடிவம் வழக்கமாக நிலைத்துவிட்டது. சேகரிப்போர் இன்று ‘மரபு’ என்று போற்றும் உருட்டிய விளிம்பின் ஒரு பகுதி, மான் தன் தலையில் வளர்த்துக்கொண்ட வளைவேயாகும்.

எருமைக் கொம்புக்கு வேறு வழி இருந்தது. சூடேற்றினால் அது இளகும். இளகிய கொம்பை அச்சிலிட்டு அழுத்தினால் வேண்டிய வடிவம் கிடைக்கும். இவ்வாறு கொம்புப் பத்தைகளை அழுத்திக் கொடுப்பதே ஷெஃபீல்டில் ஒரு தனித் தொழிலாக விளங்கிற்று. அரத்தின் வேலையில் ஒரு பகுதியை அச்சு ஏற்றுக்கொண்டதால் உருண்டை விளிம்பின் செலவும் சிறிது குறைந்தது. கைவேலையை அச்சும் பொறியும் படிப்படியாக ஏற்றுக்கொள்ளும் கதை, ஆலைகள் பெருகுவதற்கு முன்னரே இவ்வாறு தொடங்கிவிட்டது.

முத்துச்சிப்பியின் கதையோ நேர்மாறானது. கண்ணாடியைப் போல நொறுங்கும் இயல்புடைய சிப்பியை இளக்கவும் இயலாது, வளைக்கவும் இயலாது. மெல்லிய தட்டைத் தகடாக அறுத்தே அதனைப் பயன்படுத்த வேண்டும். சீமாட்டிகள் பழம் நறுக்குவதற்கு வைத்திருந்த வெள்ளி அலகுக் கத்திகளிலும், கனவான்களின் மெல்லிய பேனாக்கத்திகளிலும் இச்சிப்பித் தகடுகளைக் காணலாம். அவற்றின் விளிம்புகளைப் பெரும்பாலும் சாய்வாகச் சீவிவிட்டு, தட்டைப் பரப்பின் ஒளி குன்றாமல் காத்தனர். ஆகவே நேர்கோடும் தட்டைப் பரப்பும் ஏழைக் கத்தியின் அடையாளம் என்று எவரும் கூறிவிட முடியாது; மிக விலையுயர்ந்த கத்திகளும் அவ்வடிவில் இருந்தன.

மறுபுறம், மலிவான கத்தியிலும் தட்டை வடிவம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஷெஃபீல்டில் தோன்றிய பார்லோ என்னும் குடும்பப் பெயரால் வழங்கும் கத்தி அதற்கு எடுத்துக்காட்டு. தலைப்பில் நீண்ட இரும்புக் கட்டும், எலும்புப் பத்தையும் கொண்ட முரட்டுக் கத்தி அது. பத்தையின் மேல் வாள் அறுத்த தடத்தைக்கூட நீக்காமல் விட்டுவிடுவது அதன் வழக்கம். மெருகுக்குச் செலவில்லை, அலகுக்கும் வில்லுக்கும் மட்டுமே காசு. கடல் கடந்து அமெரிக்கா சென்ற பார்லோ, அந்நாட்டுச் சிறுவர்களின் பெருஞ்செல்வமாயிற்று. 1876-இல் மார்க் ட்வெயின் வெளியிட்ட டாம் சாயர் என்னும் நாவலில், விவிலிய வசனங்களை மனப்பாடம் செய்த சிறுவனுக்குப் பரிசாகக் கிடைப்பது பன்னிரண்டரை செண்டு மதிப்புள்ள பார்லோ கத்திதான்.

ஷெஃபீல்டின் நேர்த்திக்குத் தொழிலாளர் கொடுத்த விலையையும் இங்கே சொல்லாமல் விடுவது அறமாகாது. அவ்வூரில் ‘சிறு மேஸ்திரிகள்’ என்று பெயர் பெற்ற தொழிலாளர், வாடகை அறைகளில் தமக்கென ஒரு வேலைமேசையோ சாணைச் சக்கரமோ வைத்துக்கொண்டு கூலிக்கு வேலை எடுத்துச் செய்தனர். அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி பொருத்துபவர் ஒருவர் என வேலை பிரிந்திருந்தது. பிடி பொருத்துபவரைச் சூழ்ந்தது எலும்பு, கொம்பு, சிப்பி ஆகியவற்றின் தூள். சாணை பிடிப்பவரின் நிலை அதனினும் கொடியது. கல்லின் தூளும் எஃகின் தூளும் நுரையீரலில் படிந்து, ‘சாணைக்காரர் இளைப்பு’ என்று பெயர் பெற்ற நோயால் அவர்கள் இளமையிலேயே மாண்டனர். ஷெஃபீல்டு மருத்துவர் நைட் என்பாரின் கணிப்பை 1845-இல் வெளிவந்த தம் நூலில் பிரடெரிக் எங்கெல்ஸ் எடுத்தாண்டுள்ளார். அதன்படி, நீரின்றி உலர்வாகச் சாணை பிடிப்போரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 35 ஆண்டுகள்; நீர் விட்டுச் சாணை பிடிப்போரின் ஆயுளும் 45-ஐத் தாண்டுவது அரிது.

அத்தூளைத் தடுக்கும் காந்தக் கருவியொன்று 1820-களின் தொடக்கத்திலேயே அவ்வூரில் உருவாக்கப்பட்டது. ஆயினும் தொழிலாளரில் பலர் அதனை ஏற்க மறுத்தனர். தொழில் ஆபத்தற்றதாகிவிட்டால் அதில் நுழைவோர் பெருகுவர், கூலி விழுந்துவிடும் என்று அவர்கள் அஞ்சியதாக எங்கெல்ஸ் குறிப்பிடுகிறார். உயிரைக் காக்கும் கருவியைக் கண்டு கூலிக்காக அஞ்சும் நிலைக்கு மனிதரைத் தள்ளிய வறுமையை என்னென்பது! பிரான்சிலும் நிலைமை வேறன்று. தியேர் நகரில் துரோல் ஆற்றங்கரைப் பட்டறைகளில், சாணை பிடிப்போர் சக்கரத்தின் மேல் பலகையில் குப்புறப் படுத்தபடி நாள் முழுதும் வேலை செய்தனர். ஆற்றங்கரைக் குளிரைத் தாங்குவதற்காகத் தம் நாய்களைக் கால்களின் மேல் படுக்க வைத்துக்கொண்டனர்.

கத்தி உலகின் போக்கை மாற்றிய காலம் 1890-ஐ ஒட்டிய சில ஆண்டுகள். 1887-இல் பிரிட்டன் சரக்குக் குறிச் சட்டத்தை இயற்றி, அயல்நாட்டுப் பொருள்கள் ஆங்கிலப் பொருள்களைப் போல வேடமிட்டு வருவதைத் தடுத்தது. ஷெஃபீல்டின் பெயரைத் தாங்கி வந்த ஜெர்மன் கத்திகள் பற்றிய முறையீடு அச்சட்டத்தின் பின்னணியில் இருந்தது. 1890-இல் அமெரிக்கா மக்கின்லி சுங்கவரிச் சட்டத்தைக் கொணர்ந்து இறக்குமதிக் கத்திகளின் மேல் கடுமையான வரி விதித்தது. ஷெஃபீல்டுக்கு அது பேரிடி. கையின் நேரத்தை விலையாக விற்று வாழ்ந்த ஊருக்கு, அந்நேரத்தின் விலையைக் கொடுக்கும் சந்தை சுருங்கலாயிற்று. அதே ஆண்டுகளில் உலகின் வெவ்வேறு மூலைகளில் மூன்று கத்திகள் தோன்றின. விளிம்பைப் பற்றிய வினாவுக்கு மூன்றும் மூன்று விடைகளைத் தந்தன.

முதல் விடை பிரான்சின் சவாய் மலைநாட்டில் பிறந்தது. 1890-இல் ஜோசப் ஒப்பினேல் என்னும் 18 வயது இளைஞர், அரிவாள், கோடரி செய்யும் தம் தந்தையின் பட்டறையில் ஒரு மடக்குக் கத்தியைச் செய்தார். அதில் பித்தளைத் தகடு இல்லை, முதுகுவில் இல்லை, தலைப்புக் கட்டும் இல்லை. ஒரே மரத்துண்டு, அதில் அலகு மடங்குவதற்கு ஒரு பிளவு, ஓர் அலகு, ஓர் ஆணி, ஓர் எஃகுப் பட்டை, அவ்வளவே. பிடி முழுதும் உருண்டை. ஆனால் இவ்வுருண்டை அரத்தால் வந்ததன்று. மரப்பிடிகளைச் செதுக்குவதற்கு ஒப்பினேல் தாமே பொறி அமைத்தார். தட்டையான உறுப்புகளை அடுக்கித் தைக்கும் ஷெஃபீல்டு முறையில் உருண்டை விளிம்பு மிகுந்த செலவுக்குரியது. கடையும் பொறியிலோ உருண்டையே எல்லாவற்றிலும் மலிவானது! 1897-இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகளில் இக்கத்தி விற்பனைக்கு வந்தது. 1955-இல் அலகைப் பூட்டும் சுழல்வளையம் சேர்க்கப்பட்டது. உழவரும் மேய்ப்பரும் ஏந்திய இக்கத்தியை, 1985-இல் இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் மிக அழகிய பொருள்கள் நூறனுள் ஒன்றாகச் சேர்த்தது.

இரண்டாம் விடை ஜப்பானின் மிகி நகரில் தோன்றியது. 1876-இல் ஜப்பானிய அரசு பொதுவிடத்தில் வாள் ஏந்துவதைத் தடை செய்ததிலிருந்து, வாளுக்குரிய வேலை அந்நாட்டில் அருகிவிட்டது. கொல்லரின் திறன் அன்றாடக் கருவிகளை நாடிற்று. 1890-களில் மிகியில் உருவான மடக்குக் கத்திக்கு ‘ஹிகோ நோ காமி’, அதாவது ஹிகோ நாட்டுத் தலைவர், என்று கம்பீரமான பெயரிட்டனர். பெயர்தான் கம்பீரம், பிடியோ வெறும் உலோகத் தகடு. ஒரு தகட்டை நீளவாக்கில் மடித்து, அம்மடிப்பினுள் அலகைச் செருகி ஓர் ஆணியால் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. பக்கங்கள் தட்டை, விளிம்புகள் சதுரம். அலகின் அடியில் நீண்டிருக்கும் சிறு நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பதே அதற்கு வில்லும் பூட்டும்.

இதனைச் சோம்பலின் வடிவம் என்று யார் சொல்ல முடியும்? பிடியில் மிச்சம் பிடித்த உழைப்பை அந்தக் கொல்லர்கள் அலகில் செலவிட்டனர். பள்ளிப் பிள்ளைகள் தம் பென்சிலைச் சீவிக்கொள்ள வாங்கக்கூடிய விலையில் நல்ல அலகைத் தந்தனர். இக்கத்தி தளர்ந்ததற்கு விளிம்பு காரணமன்று. 1960 அக்டோபர் 12-ஆம் நாள் ஜப்பானியச் சோஷலிஸ்டுக் கட்சித் தலைவர் அசனுமா, மேடையில் பேசிக்கொண்டிருக்கையில் 17 வயது இளைஞன் ஒருவனின் குறுவாளுக்கு இரையானார். அதன்பின் சிறுவர் கையில் கத்தி கூடாது என்னும் இயக்கம் நாடெங்கும் எழுந்தது. பென்சில் சீவும் பொறியும் பரவிற்று. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அப்பெயரை முறைப்படி பொறிக்கும் உரிமை மிகி நகரில் ஒரே ஒரு பட்டறையின் கையில் எஞ்சியது.

மூன்றாம் விடை சுவிட்சர்லாந்து இராணுவத்தினுடையது. 1891-இல் அந்நாட்டுப் போர்வீரர்க்கு வழங்கப்பட்ட முதல் மடக்குக் கத்திகளைச் சோலிங்கனிலிருந்தே வரவழைக்க வேண்டியிருந்தது. அவ்வளவு கத்திகளை உரிய காலத்தில் செய்து தரும் ஆற்றல் சுவிஸ் பட்டறைகளுக்கு அப்போது இல்லை. கார்ல் எல்செனர் என்பவர் அவ்வேலையைத் தம் நாட்டிற்கே கொண்டுவர முயன்று, பெரும் இழப்புக்குப் பின் வெற்றி கண்டார். அவ்வீரர் கத்தியின் பிடி காலத்துக்குக் காலம் மாறியது நம் பொருளுக்குச் சிறந்த சான்று. 1891-இல் அது கருநிற ஓக் மரத்தாலானது. 1961-இல் அச்சிட்டு எடுத்த தட்டை அலுமினியத் தகடாயிற்று. 2008-இல் வந்த புதிய கத்தியிலோ, கைக்குப் பொருந்துமாறு வளைவாக வார்க்கப்பட்ட நைலான் பிடி அமைந்தது. ஒரே படையின் ஒரே கருவி. தொழில்நுட்பம் மாறியபோதெல்லாம் விளிம்பும் மாறியிருக்கிறது.

இன்று அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக்கும், கணிப்பொறி இயக்கும் கடைசல் பொறியும் வந்துவிட்டன. உருண்டைக்கும் சதுரத்துக்கும் இடையே இருந்த கூலி வேறுபாடு ஆலையைப் பொறுத்தவரை ஏறக்குறைய மறைந்துவிட்டது. எந்த வடிவம் வேண்டும் என்பது இப்போது வரைபவரின் விருப்பம். கையால் கத்தி செய்வோரிடம்தான் பழைய கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஷெஃபீல்டில் எஞ்சியுள்ள சில பட்டறைகளில், தைத்து முடித்த பிடியை அரத்தாலும் மெருகுச் சக்கரத்தாலும் உருட்டும் வேலை தொடர்கிறது. ஆனால் நம் நாட்டு மான்கொம்பு அங்கே முன்போல் செல்வதில்லை. கடமான், புள்ளிமான் ஆகியவற்றின் உதிர்ந்த கொம்புகளையும் ஏற்றுமதி செய்யலாகாது என்று இந்திய அரசு 1998-இல் தடை விதித்தது. உதிர்ந்த கொம்பு என்ற பெயரில் வேட்டையாடிய கொம்பும் கலந்து செல்லக்கூடும் என்னும் கவலை, அத்தகைய தடைகளுக்கு வலுவான நியாயம். தடைக்கு முன்னர் சென்று சேர்ந்த கொம்புகளைப் பொன்னைப் போலப் பேணி வைத்திருப்போர் அங்கே இன்றும் உளர்.

ஆகவே, உருட்டிய விளிம்பா, சதுர விளிம்பா, எது மரபு என்று எவரேனும் வினவினால், இரண்டுமே மரபு என்பதுதான் வரலாறு தரும் விடை. ஷெஃபீல்டில் உருட்டிய விளிம்பு ஒரு தொழிலாளியின் அரைநாளைக் காட்டலாம். சவாயில் அதே உருட்டல் ஒரு பொறியின் சில நொடிகளைக் காட்டும். பார்லோவின் வாள் தடம் படிந்த எலும்பு சிக்கனத்தைக் காட்டும்; சிப்பித் தகட்டின் தட்டைப் பரப்பு செல்வத்தைக் காட்டும்; மிகியின் மடித்த தகடு, அலகே முதன்மை என்று தெளிந்த ஒரு கொல்லனின் முடிவைக் காட்டும். வடிவத்தை மட்டும் கொண்டு தரத்தை அளக்க முற்படுவோர் இவ்வேறுபாட்டைக் கைநழுவ விடுகின்றனர்.

மேலும் ஒன்று. கூரிய விளிம்போடு பிறந்த கத்தியும் எக்காலமும் அவ்வாறே இருப்பதில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் ஓர் உழவனின் பையிலும் கையிலும் கிடந்த கத்தியின் விளிம்பு, அரமின்றியே தேய்ந்து உருண்டுவிடும். பட்டறையில் தொழிலாளி செலவிடாத நேரத்தை உடையவனின் கை சிறிது சிறிதாகச் செலவிட்டு நிறைவு செய்கிறது. பழங்கத்திகளில் நாம் கண்டு மகிழும் மென்மையில் எவ்வளவு செய்தவனுடையது, எவ்வளவு வைத்திருந்தவனுடையது என்று பிரித்துக் கூறுதல் பல வேளைகளில் இயலாது. அரசர்களின் கல்வெட்டுகளைப் படிக்கும் அக்கறையோடு இத்தகைய சிறு விளிம்புகளையும் தடவிப் பார்ப்போமாயின், தம் பெயரை எங்கும் பொறிக்காது மறைந்த எளிய உழைப்பாளிகளின் வரலாறு நம் விரல் நுனியிலேயே தட்டுப்படும்.